வாய் மூடிய பிறகு

போன கிழமை நம்முடைய பழைய கட்டடத்துப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. அந்தத் தெலுங்கு நடிகர் இறந்துவிட்டாராம். கும்பிட்ட கைகள், மெழுகுதிரி, ஒற்றைக் கண்ணீர்த்துளி என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எட்டாம் மாடியில் இருந்தவள், இப்போது ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கியிருப்பவள், "எங்கள் சின்ன வயதின் குரல் ஓய்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே உங்களில் பாதிப்பேர் இதயம் குத்தியிருந்தீர்கள்.

நான் ஒன்றும் குத்தவில்லை. எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டேன். சீனி வருத்தம் வந்த பிறகு நான் வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறேன். அன்றைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன். செத்தவனைப் பற்றிக் கெட்டது சொல்லக் கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு எதிரி என்று ஒருவன் இருந்திருக்க மாட்டான்.

என் வயதுக்காரரே, நமக்கு இப்போது தலைக்கு மை பூசுகிற காலம். முழங்கால் நோகிறது, கொலஸ்ரோல் குளிசை போடுகிறோம், கையில் வீட்டுத் திறப்பை வைத்துக்கொண்டு திறப்பைத் தேடுகிறோம். ஆனால் நீங்கள் இதை மறந்ததற்கு வயது காரணம் இல்லை. அன்றைக்கே நீங்கள் காதில் வாங்கவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பனி கொட்டிய ஒரு மாரிகாலத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

கட்டடம் ஞாபகம் இருக்கும். ஸ்காபரோவில், லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கும் கட்டடம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மணம். எங்கள் பதினோராம் மாடிக்குக் கருவாடு. கீழே லோன்றி அறையில் உடுப்புக் காயும் மிஷின்களில் முதுகை வைத்துக் குளிர்காய்ந்தபடி விளையாடினோம். வீதிக்கு அந்தப் பக்கம் பிளாஸா. அதில் வீடியோக்கடை. கதவைத் திறந்தால் சாம்பிராணியும் மட்டன் ரோல்ஸும் சேர்ந்து மணக்கும். சுவர் முழுக்கக் கசற்றுகள், அவற்றின் முதுகில் நீல மையால் படத்தின் பெயர். மேசைமேல் நாடாவைப் பின்னுக்குச் சுற்றும் ரிவைண்டர் ஒன்று சிவப்புக் கார் வடிவத்தில் இருந்தது. காரின் மூடியைத் திறந்து கசற்றைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் எரியும். அந்தக் காரைப் பார்க்கவே நான் கடைக்குப் போனேன். இன்றைக்கு எங்காவது அப்படியொன்று கிடைத்தால் விலை கேட்காமல் வாங்குவேன்.

அந்த மாரியில் கடைக்குத் திரும்பி வந்த கையோடு அடுத்த வீட்டுக்குப் போன கசற் அந்த நடிகருடையதுதான். தெலுங்குப் படம், தமிழில் குரல் மாற்றியது. பண்ணையார் ஒருவன் ஏழைத் தாயின் குடிசைக்கு நெருப்பு வைக்கிறான். மகன் எரிந்த குடிசையின் சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு சபதம் போடுகிறான். அந்த வசனம் உங்களுக்கு இன்றைக்கும் பாடமாக இருக்கும்.

"இந்தச் சாம்பல் ஆறட்டும். ஆறிய சாம்பலிலே நடந்து வருவேன். அன்றைக்கு உன் வாசலிலே நின்று கதவைத் தட்ட மாட்டேன். ஏன் தெரியுமா? தட்டுவதற்குக் கதவே இருக்காது!"

நம் பெற்றோர் அந்த இடத்தில் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். எரிந்த வீடு ஒன்று எல்லோருக்கும் ஈழத்து ஊரில் இருந்தது. அந்தக் காட்சி வரும்போது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். சண்டை சரியில்லை, கதை சரியில்லை, கதாநாயகியின் உடுப்புச் சரியில்லை என்று படம் முழுக்கக் குறை சொல்லும் அப்பாகூட அந்தக் குரலுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டார்.

அந்தக் குரல் எங்கள் வீட்டு வரவேற்பறை சோபாவில்தான் படுத்துக் கிடந்தது.

சித்தப்பாவைத்தான் சொல்கிறேன். அப்பாவின் தம்பி. இந்தியாவிலிருந்து வந்து, முதலில் பார்க்டேலில் ஆறேழு பெடியன்களோடு ஓர் அறையில் இருந்தார். பிறகு எங்களோடு வந்துவிட்டார். விடியற்காலையில் பஸ் பிடித்து, நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவப் போவார். அவருடைய கைகளில் எப்போதும் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணம் இருக்கும். அவரைப் புண்ணியவான் என்று சொல்ல நான் வரவில்லை. முன்கோபக்காரர். அவரோடு சீட்டு விளையாடியவர்கள் அடுத்த நாள் கதைக்க மாட்டார்கள். தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது.

லிஃப்டில் நாம் கேட்டால் சபதத்தைச் சொல்லிக் காட்டுவார். தகரப்பெட்டி அதிரும். நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள்.

"அங்கிள், அப்பிடியே அவரைப் போலவே கதைக்கிறீங்கள்!"

"உவரைப் போலயோ? உவர்தானடா என்னைப் போல" என்பார் சித்தப்பா.

நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அவருக்கு 'மிமிக்ரி அங்கிள்' என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் படத்தில் தமிழில் பேசியது தான்தான் என்று அவர் பெரியவர்களிடமும் சொன்னார். பெரியவர்கள் சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பை கழுவுகிறவன் சினிமாவில் பேசினானாம். நடிகரே சொந்தமாகத் தமிழ் படித்துப் பேசினார் என்று இந்தியச் சினிமாப் புத்தகத்தில் வந்திருக்கிறதே என்றார்கள்.

ஒருநாள் லோன்றி அறையில் எட்டாம் மாடிக்காரி என்னிடம் சொன்னாள்.

"உங்கட சித்தப்பா சரியான புளுகன் எண்டு எங்கட அம்மா சொன்னவா. You people are such liars, man."

நான் வாயிலிருந்த சூயிங்கம்மை எடுத்து அவளுடைய நீளக் கூந்தலுக்குள் வைத்துத் தேய்த்தேன். சும்மா ஒட்டவில்லை, இரண்டு கையாலும் தேய்த்தேன். அவளுடைய தாய் எண்ணெய், ஐஸ்கட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கூந்தலைக் காதோடு ஒட்ட வெட்டினாள். போன கிழமை குரல் ஓய்ந்துவிட்டது என்று எழுதியது அதே பிள்ளைதான். கூந்தல் பிறகு வளர்ந்துவிட்டது.

தாயும் மகளுமாக வீட்டுக்கு வந்து நின்றார்கள். அப்பா அவர்களுக்கு முன்னால் எனக்கு அறைந்தார். அது நோகவில்லை. அதற்குப் பிறகு சொன்னதுதான் நொந்தது.

"குறை நினைக்காதேங்கோ. தம்பி பகிடிக்குச் சொன்னது. உது சின்னப்பிள்ளை, நம்பிப் போட்டுது."

சித்தப்பா சோபாவில்தான் இருந்தார். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கசற்றைப் போட்டார். சபதம் வரைக்கும் ஓடவிட்டார்.

"டப்பிங்கில ஒரு சட்டம் இருக்கு, பிள்ளை. வாய் திறக்க முதல் குரல் வரக் கூடாது. வாய் மூடினாப் பிறகு ஒரு துளியும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் திரும்ப முதல்ல இருந்து."

படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி, சரியாகப் பேசும்வரை சுற்றவிடுவார்களாம். இருட்டறையில் நின்று அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வெக்கைக்கு மின்விசிறி போடக் கூடாது, அதன் சத்தமும் பதிந்துவிடும். அந்த நடிகரின் மேலுதட்டில் எந்தப் பக்கம் தழும்பு இருக்கிறது என்று அவருடைய மனைவியைவிடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றார் சித்தப்பா.

"இப்ப பார்."

"கதவே இருக்காது!" என்று சொல்லி நடிகர் வாயை மூடினார். உதடுகள் ஒட்டிவிட்டன. அதற்குப் பிறகு ஒரு மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, மார்ச்சளியோடு வந்த மூச்சு.

"அண்டைக்கு எனக்கு இருமல். ஒலிப்பதிவு செய்தவன் கவனிக்கேல்ல. வாய் மூடிக் கிடக்குது, மூச்சு கேக்குது. ஆற்ற மூச்சு?"

"உங்கட."

"அவ்வளவுதான்."

நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். சோபாவில் சித்தப்பா மூச்சுவிட்டபோதும் அதே சத்தம்தான் வந்தது.

நடிகரின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரங்கல் எழுதியவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகன் அவர். நாடகக் குழு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். முதல் படத்தில் பிணமாக நடித்தார், பிறகு வில்லனின் அடியாளாக. கதாநாயகனாகும்போது முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. குதிரையிலிருந்து விழுந்து விலா உடைந்த பிறகும் படப்பிடிப்புக்குப் போனவர் என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார். தெலுங்கில் அவருக்குச் சொந்தக் குரல்தான், மூக்கால் வரும் மெல்லிய குரல். அங்கே அதை ரசித்தார்கள். தமிழுக்கு அது எடுபடாது என்று படக்காரர்கள் வேறு குரல் தேடினார்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அகதியாகப் போய்க் கோடம்பாக்கத்தில் அறையெடுத்து இருந்த சித்தப்பா அகப்பட்டார். ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் அவர். இந்தியத் தமிழை ஒரு மழைக்காலத்துக்குள் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடிகருக்கு அரசியல் ஆசை வந்தது. அவர் தேர்தலுக்கு நின்ற தொகுதி தமிழ்நாட்டு எல்லையில் இருந்தது, அங்கே பாதிச் சனம் தமிழ் பேசும். பிரசார வான் வண்டிக்கு மேலே ஏறி நின்று கசற்றைப் போட்டுச் சபதத்துக்கு வாயசைத்தார். தாய்மார் ஆரத்தி எடுத்தார்கள். மூன்று மாதத்தில் தமிழ் கற்றுத் தானே பேசியதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். சித்தப்பா அந்தப் பத்திரிகையைக் கொண்டு அவருடைய தேர்தல் கந்தோருக்குப் போனார். குரல் கொடுத்தது ஈழத்துப் பெடியன் ஒருத்தன் என்று ஒரு வரி சொன்னால் போதும் என்று கேட்டார். நடிகரைப் பார்க்க விடவில்லை. அன்று பின்னேரமே அவருடைய ஆட்கள் சித்தப்பாவின் அறைக்கு வந்தார்கள். "நீ அகதி. நீ இயக்கத்தில் இருந்தவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். வாயை மூடிக்கொண்டு ஓடு" என்றார்கள். சித்தப்பா ஓடினார். நடிகர் வென்றார்.

அந்த ஆள்தான் ரொறன்ரோவுக்கு வரப்போகிறார் என்று வீடியோக்கடைக் கண்ணாடியில் போஸ்டர் ஒட்டினார்கள். அமெரிக்காவிலிருக்கும் தெலுங்குக்காரரிடம் ஆதரவு திரட்ட வந்தவரை, கடைக்கார அங்கிள் எப்படியோ பிடித்து ஒரு மாலைக்கு இங்கே கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபத்தில் கலைவிழா. நுழைவுச்சீட்டெல்லாம் உடனே முடிந்துவிட்டது.

அதற்கு முதல் கிழமை கடைக்கார அங்கிள் ஒரு பெட்டி ரோல்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பனிச் சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்று கதைத்தார்.

"தம்பி, ஒரு உதவி. அவர் மேடையில அந்தச் சபதத்தைச் சொல்லாட்டில் சனம் கதிரையைத் தூக்கி எறியும். அவர் கசற்றுக்குத்தான் வாயசைக்கிறவராம். என்னட்டை இருக்கிற எல்லாக் கசற்றும் அந்த இடத்திலதான் தேஞ்சு கரகரக்குது. எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கினம். நீர் திரைக்குப் பின்னால நிண்டு மைக்கில சொன்னீர் எண்டால், உம்மட மிமிக்ரி அச்சு அப்பிடியே இருக்கும்."

"அவர் வேற ஒண்டும் பேசாரோ?"

"சபதத்தோட தொண்டை கட்டிப் போச்செண்டு அறிவிப்பம். எங்கட குளிரில ஆர் நம்பாயினம்?"

சித்தப்பா ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "ஓம், வாறன்" என்றார்.

அப்பா விடவில்லை. கடைக்காரர் போனதும் வெடித்தார். "உனக்கு இன்னும் அகதிக் கேஸ் முடியேல்ல. வந்த நாட்டில இருக்க விடுவாங்களோ இல்லையோ எண்டு தெரியாமல் இருக்கிறாய். அரசியல்வாதியோட கொழுவப் போறியோ? வாயை மூடிக்கொண்டு இரடா!"

அன்றைக்கு அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால், சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்த்தது ஞாபகம் வருகிறது. ஆனாலும், கோடம்பாக்கத்தில் அந்த ஆட்கள் சொன்ன அதே சொல்லையே அப்பாவும் சொன்னார். அது அவருக்குத் தெரியாது.

எனக்கும் சித்தப்பாமேல் கோபம்தான். "ஏன் ஓம் எண்டனீங்கள்? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வாய் மூடினாப் பிறகு ஒரு துளியும் மிஞ்சக் கூடாது எண்டது ஆற்ற சட்டம்?"

"டப்பிங்காரற்ற."

"இது டப்பிங் தியேட்டர் இல்லை, பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து நாட்கள் போகவே மாட்டேன் என்று நின்றன.

விழாவன்று சித்தப்பாவோடு நானும் பின்பக்கத்தால் போனேன். சுடுதண்ணிப் பிளாஸ்க் தூக்க ஆள் வேண்டும் என்று அடம்பிடித்துப் போனேன். ஒரு வகுப்பறையில் நடிகரை இருத்தியிருந்தார்கள். பின்சுவரில் பிள்ளைகள் வரைந்த பனிமனிதர்கள். படத்தில் பனையளவு நின்றவர் அந்தச் சின்னக் கதிரையில் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு குறண்டிப்போய் இருந்தார். தலைமயிரின் மை கழுத்துப்பட்டியில் ஒட்டியிருந்தது. சொல்லிக் காட்டும்படி கையால் சைகை செய்தார். சித்தப்பா மெல்லிய குரலில் சபதத்தைச் சொன்னார்.

நடிகரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! என் குரல் அப்படியே இருக்கே தம்பி! எவ்ளோ நாள் பிராக்டிஸ் பண்ணீங்க?"

"கொஞ்ச நாள், சேர்."

"எந்த ஊரு?"

"சிலோன்."

"பாவம்" என்று சொல்லிச் சித்தப்பாவின் தோளில் தட்டினார்.

அந்த ஆள் நடிக்கவில்லை. சித்தப்பாவை அவர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. குரல் கொடுத்த ஒருவன் இருந்தான் என்பதே அவருடைய மண்டையிலிருந்து கழன்றுவிட்டது. வான்மேல் ஏறி நின்று வாயசைத்து வாயசைத்து, அது தன் குரல்தான் என்று அவரே நம்பிவிட்டார். பொய் சொன்னவனை ஒருவேளை விட்டிருப்பேன். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு மன்னிப்பு என்ற எண்ணமே வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஈரக் கோட்டுகளும் மல்லிகை வாசமும் ரோல்ஸும் கலந்து மணத்தன. நீங்கள் முன்வரிசைகளில் இருந்தீர்கள். நான் திரையின் பிளவுக்குள் கண்ணை வைத்து நின்றேன். நடிகர் வேட்டியோடும் பொன்னாடையோடும் போய் நின்றார். அவருக்கு முன்னால் வேலை செய்யாத ஒரு மைக். சித்தப்பாவின் கையில் வேலை செய்கிற மைக்.

சித்தப்பா சொன்னார். நடிகர் வாயசைத்தார். அதில் அவர் கெட்டிக்காரர்தான், ஒரு எழுத்துப் பிசகவில்லை. "கதவே இருக்காது!" கைதட்டலில் மண்டபம் இடிந்தது. நடிகர் வாயை மூடிக் கும்பிட்டார்.

சித்தப்பா ஒரு மூச்சு விட்டார். பிறகு அதே குரலில், நம்முடைய பேச்சில் தொடங்கினார்.

"கைதட்டினது காணும். இனி இதையும் கேளுங்கோ."

நடிகர் திடுக்கிட்டார். ஆனால் பழக்கம் பொல்லாதது. குரல் கேட்டதும் அவருடைய வாய் தானாகத் திறந்தது, வலதுகை தானாக உயர்ந்தது. இன்னொரு வசனம் இருக்கிறது, யாரோ தனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். அவருக்குத் தெரிந்த சென்னைத் தமிழுக்குள் நம்முடைய பேச்சு அகப்படவில்லை.

"இவ்வளவு காலமும் இந்த வாய்க்குள்ள இருந்து கதைச்சது நான். இந்தாள் இல்லை."

'இந்தாள் இல்லை' என்ற இடத்தில் நடிகர் தன் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"இந்தாளுக்கு இப்பிடிக் கதைக்கத் தெரியாது. தெரியும் எண்டு பொய் சொல்லித்தான் வோட்டு வாங்கினது. ஞாயம் கேக்கப் போன என்னைப் பொலிசைக் காட்டி வெருட்டிக் கலைச்சது."

நடிகர் சனத்தைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி வாயசைத்தார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. கை பாதியில் நின்றது. வாயை இறுக்கி மூடினார். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான், முகத்தைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். பொன்னாடை நழுவி விழுந்ததை அவர் குனிந்து எடுக்கவில்லை.

"பாத்தீங்களோ? வாய் மூடியாச்சு. குரல் நிக்கேல்ல. உது ஆற்ற குரல்?" என்று சித்தப்பா கேட்டார்.

அது யாருடைய குரல் என்று உங்களிடம்தான் கேட்டார். பதில் சொல்ல உங்களுக்கு ஒரு கணம் இருந்தது. அதற்குள் கடைக்கார அங்கிள் மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எப்பிடி இருந்தது எங்கட நகைச்சுவை நிகழ்ச்சி? எங்கட மிமிக்ரிக் கலைஞருக்கு ஒரு பெரிய கைதட்டு!"

நீங்கள் கைதட்டினீர்கள். ரோல்ஸ் எண்ணெய் ஒட்டிய கைகளால் மண்டபம் அதிரத் தட்டினீர்கள். காதோடு வெட்டிய தலைமயிரோடு எட்டாம் மாடிக்காரி கதிரைமேல் ஏறி நின்று தட்டினாள். உண்மையை வாய்விட்டுச் சொன்ன மனிதனை நீங்கள் பகிடிக்காரன் ஆக்கினீர்கள். நடிகரை நான் பழிவாங்கிவிட்டேன், அது பின்னால் வருகிறது. உங்கள் கணக்கு அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது.

சித்தப்பா வெறுங்கையோடு திரைக்குப் பின்னால் நின்றார். "ஒருத்தருக்கும் விளங்கேல்ல" என்றார். அவர் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மண்டபத்தில் கைதட்டாத ஒரே ஆள் அப்பா. அவர் பக்கக் கதவடியில் சித்தப்பாவின் கோட்டை வைத்துக்கொண்டு நின்றார். காருக்குள் ஏறி ஹீற்றரைப் போட்டு, கண்ணாடியில் பனி உருகும்வரை மூன்று பேரும் இருந்தோம்.

"உண்மையோடா?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்."

"ஏன் முதலே சொல்லேல்ல?"

"ஒவ்வொரு நாளும் சொன்னனான், அண்ணை."

அப்பா கியரைப் போட்டார்.

விழாவை ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். கடைக்கார அங்கிள் வியாபாரி அல்லவா, அதைக் கசற்றாக்கி 'நகைச்சுவை' என்று எழுதி வாடகைக்கு விட்டார். நான் ஒரு பிரதியை எடுத்துவந்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு அது ஒரு பார்சலாகி, அந்தத் தொகுதியில் நடிகருக்கு எதிராக நின்றவருக்குப் போனது. தபால் கந்தோரில் நுனிக்காலில் நின்று அதை நீட்டியது நான். பார்சலின்மேல் முகவரி எழுதியிருந்தது அப்பாவின் அழகான கையெழுத்து.

அடுத்த தேர்தலில் எதிராளியின் வான் வண்டியில் ரிவிப் பெட்டியைக் கட்டிவைத்து அந்தக் காட்சியை ஊர் ஊராகக் காட்டினார்களாம். வாய் மூடியிருக்கிறது, குரல் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆரத்தி எடுத்த தாய்மார் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். நடிகருக்குக் கட்டுக்காசும் போனது. பிறகு கட்சி மாறினார், அந்தக் கட்சியும் உடைந்தது. கடைசியில் நெடுந்தொடர்களில் கட்டிலோடு கிடக்கும் தாத்தாவாக நடித்தார், வசனம் இல்லாத வேடங்கள். ஒவ்வொரு செய்தியும் வரும்போது நான் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்வேன். அவர் "ம்" என்பார். அவருக்கு இது போதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆந்திராவில் நம்பினார்கள். ஸ்காபரோவில், தன் சொந்தச் சனத்துக்கு நடுவில், அவர் இன்றுவரை மிமிக்ரி அங்கிள்தான். உங்கள் கலியாண வீடுகளில் நீங்கள் அவரைப் பிடித்து இழுத்துவந்து, "அந்த நடிகரைப் போலச் செய்யுங்கோ, அங்கிள்" என்று கேட்டதையெல்லாம் நான் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன கிழமை தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இப்போது கை நடுக்கம், காது மந்தம். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"சித்தப்பா, அந்தாள் செத்துப்போச்சுது."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. மார்ச்சளியோடு வந்த அதே மூச்சு.

"வாய் மூடியாச்சோ?"

"ஓம், மூடியாச்சு. இவை எல்லாரும் குரல் ஓய்ஞ்சு போச்செண்டு எழுதியிருக்கினம்."

"அப்பிடியோ? எங்கை, உந்தப் போனில பதியிறதுக்கு எதை அமத்திறது எண்டு சொல்லு. நான் ஒருக்காக் கதைக்கப்போறன்."

குரல்பதிவு இதற்குக் கீழே இருக்கிறது. நீங்கள் ஒப்பாரி வைத்த சபதம்தான், ஒரு எழுத்துப் பிசகாமல். கேட்டுவிட்டு, அன்றைக்கு மண்டபத்தில் அவர் உங்களிடம் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.